அத்தை சங்கிலியில் தொங்கும் வெள்ளிக் காசு யாருடையது?

16 ஜனவரி 2024

போகிக்கு அத்தை வீட்டுப் பரண் சுத்தம் செய்யப் போனேன். வேலூரில் எங்கள் பழைய வீடு. வேலை முடிந்து உட்கார்ந்தபோது அத்தை கழுத்தைக் கவனித்தேன். சங்கிலியில் பெரிய வெள்ளிக் காசு ஒன்று எப்போதும் தொங்கும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஒரு நாளும் கையில் வாங்கிப் பார்த்ததில்லை.

ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் துணியில்லாமல் குதிரை மேல் ஒரு ஆள், பக்கத்தில் 1914, 1918. விளிம்பில் ஆங்கில எழுத்துகள் தேய்ந்து போயிருக்கின்றன. "எஸ்" அப்புறம் "எம்" என்று கடைசியில் தெரிகிறது.

இது கொள்ளுப்பாட்டி போட்டிருந்தது என்கிறார் அத்தை. கொள்ளுத்தாத்தாவும் அவர் தம்பியும் ஜெர்மன் சண்டைக்குப் போனார்களாம். அண்ணன் மூன்று வருஷம் இராக்கில் இருக்கும் பஸ்ராவில் இருந்துவிட்டுத் திரும்பினார், தம்பி பஸ்ராவிலேயே போய்விட்டார். இவ்வளவுதான் வீட்டில் தெரிந்த கதை.

மாமா வேறு மாதிரி சொல்கிறார். அவர் ரயில்வேயில் இருந்தவர். எஸ், எம் என்றால் சதர்ன் மராட்டா, அதாவது பழைய மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே கொடுத்த காசு என்கிறார். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. இப்படி ஒரு காசு யார் வீட்டிலாவது இருக்கிறதா?

17 ஜனவரி 2024

அளந்தேன். குறுக்களவு 36 மில்லிமீட்டர். ரயில்வே இல்லை. நேற்று நான் தலையாட்டியது தவறு.

இது முதல் உலகப்போர் முடிந்ததும் கொடுத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். தலை ஐந்தாம் ஜார்ஜ். குதிரை மேல் இருப்பது புனித ஜார்ஜ். கடலில் இருந்தவன், தரையில் இருந்தவன், சமையல்காரன், குதிரை மேய்த்தவன் என்று எல்லாருக்கும் கொடுத்தார்கள். வெள்ளியில் அறுபது லட்சத்துக்கும் மேல் அடித்தார்கள். கூலி வேலைக்கான தொழிலாளர் படையில் போனவர்களுக்கு மட்டும் அதே அச்சில் வெண்கலம். மண் சுமந்தவனுக்கு வெண்கலம், துப்பாக்கி பிடித்தவனுக்கு வெள்ளி. இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் வீட்டில் வெண்கலத்தில் இருந்தால் அதைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள், அதுதான் அரிது.

முக்கியமான விஷயம், இந்தப் பதக்கத்தில் பெயர் உண்டு. எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் விளிம்பில் அடிக்கப்பட்டிருக்கும்.

17 ஜனவரி 2024, இரவு

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தயவுசெய்து.

அத்தை ஒவ்வொரு கார்த்திகைக்கும் குத்துவிளக்கோடு சேர்த்து இதையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார். அவருக்கு முன் பாட்டி, அதற்கு முன் கொள்ளுப்பாட்டி. நூறு கார்த்திகை. விளிம்பில் இருந்த பெயர் அப்படித்தான் போயிருக்கிறது. யாரையும் குற்றம் சொல்லவில்லை, பளபளவென்று வைத்திருப்பதுதான் அவர்கள் காட்டிய மரியாதை. ஆனால் பெயர் படிக்க வேண்டும் என்றால் அழுக்கு அப்படியே இருக்கட்டும்.

21 ஜனவரி 2024

மூன்று நாள் விளிம்போடு உட்கார்ந்தேன். எப்படிப் படிப்பது என்று கேட்டவருக்காக எழுதுகிறேன்.

அறையை இருட்டாக்கிவிட்டு கைப்பேசி விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில், மேசையை ஒட்டினாற்போல் வைத்துப் பிடிக்க வேண்டும். எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழும். பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் படம் எடுக்க வேண்டும். அப்புறம் மெல்லிய தாளை விளிம்பில் சுற்றி, மென்மையான பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து வெள்ளையாக மேலே வரும். கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்து தாளில் எனக்குத் தெரிந்தது.

கிடைத்தது இது. முதலில் எண். மூன்று இலக்கம் தெரிகிறது, நான்காவதின் மேல் வெள்ளிப் பற்று. கொள்ளுப்பாட்டி சங்கிலியில் மாட்டுவதற்காக, பத்தர் மேலே இருந்த பட்டையை எடுத்துவிட்டு வளையம் பற்றவைத்திருக்கிறார். பற்று வழிந்து கடைசி இலக்கத்தை மூடிவிட்டது. அடுத்து எஸ், பி, ஆர். சாப்பர் என்பதன் சுருக்கம். அப்புறம் பெயர், முதல் மூன்று எழுத்து மட்டும். கடைசியில் "2 க்யூ. வி. ஓ. எஸ். அண்ட் எம்."

இரண்டாவது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். மதராஸ் சாப்பர்கள். தலைமையிடம் பெங்களூர். இன்றைக்கு மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்று அதே ஊரில் இருக்கும் படை இதன் வாரிசுதான். பாலம் கட்டுவது, சாலை போடுவது, பதுங்குகுழி வெட்டுவது, சுரங்கம் வைத்துத் தகர்ப்பது இவர்கள் வேலை. இந்தப் படைக்காரர்களை ராணுவம் முழுக்க "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு தம்பி கதை இருப்பதால் அதைப் படித்தபோது நெஞ்சில் ஏதோ செய்தது.

சிக்கல் ஒன்று. குலதெய்வத்தின் பெயரை அண்ணனுக்கும் தம்பிக்கும் வால் மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். முதல் மூன்று எழுத்து இருவருக்கும் ஒன்றுதான். அதனால் அத்தை கழுத்தில் இருப்பது அண்ணனுடையதா, தம்பியுடையதா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. (பெயரை இங்கே போட வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார்.)

28 ஜனவரி 2024

இன்று லாங் பஜார் மணிக்கூண்டுக்குப் போனேன். வேலூர்க்காரர்களுக்கு அதைத் தெரியும், ஆனால் கல்வெட்டை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. வேலூரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குப் போனார்கள், அதில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை.

இதே வாசகம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் உண்டு. ஊர்ப் பெயரும் இரண்டு எண்களும் மட்டும் மாறும். பழைய தாலுகா கச்சேரிச் சுவர், பள்ளிக்கூடச் சுவர், சாவடி, இப்படி இடங்களில் பாருங்கள். சுண்ணாம்பு அடித்து மூடிய கல்லாக இருக்கலாம்.

அப்பா என்னை ஆறாவது படிக்கும்போது இந்தக் கல்லுக்கு முன்னால் நிறுத்தி, "அந்தப் பதினாலு பேர்ல நம்ம சின்னத் தாத்தாவும் ஒருத்தர்" என்று சொன்னார். கடைக்குப் போகிற அவசரத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சொன்னார். இன்றைக்கு நானும் கழற்றினேன். பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் என்ன என்று கேட்டார், சொன்னேன். முப்பது வருஷமாக அதற்கு எதிரில் கடை வைத்திருக்கிறாராம், அது கட்டியவர் பெயர் என்று நினைத்திருந்தாராம்.

வேலூர்ப் பக்கம் இது புதிதில்லை. கணியம்பாடியை ஒட்டிய கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிறார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். ஆனால் அங்கே இருக்கும் பெரியவர்கள் பேசுவது இரண்டாம் போர், சீனப் போர், பாகிஸ்தான் போர் பற்றி. முதல் போரை நேரில் கேட்டுச் சொல்லும் தலைமுறை போய்விட்டது. மிச்சம் இருப்பது பொருள்தான்.

4 பிப்ரவரி 2024

பெட்டி!

அத்தை வெற்றிலைப் பெட்டி என்று வைத்திருப்பது சாதாரணப் பெட்டி இல்லை. பித்தளை. மூடியில் ஒரு பெண் முகம், சுற்றி எழுத்து. பாக்குக் கறை படிந்து கிடந்ததை ஈரத்துணியால் மட்டும் துடைத்தேன். "கிறிஸ்துமஸ் 1914" என்று இருக்கிறது. ராணி தன் கையால் கொள்ளுத்தாத்தாவுக்குக் கொடுத்தது என்று பாட்டி சொல்வாராம்.

முகம் ராணி இல்லை, ஐந்தாம் ஜார்ஜின் மகள் இளவரசி மேரி. அப்போது அவளுக்கு 17 வயது. சிப்பாய்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு அனுப்ப அவள் பெயரில் பணம் திரட்டினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் புகையிலை, சிகரெட். நம் ஆட்களில் ஒரு பகுதிக்குச் சிகரெட்டோடு கற்கண்டும் ஒரு டப்பா மசாலாவும். சீக்கியர்களுக்குச் சிகரெட் கிடையாது, கற்கண்டும் மசாலாவும்தான். யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. 1914 கிறிஸ்துமஸ் அன்று படையில் இருந்தவர்களுக்குத்தான் இந்தப் பெட்டி. ஆக அண்ணனோ தம்பியோ, போர் தொடங்கிய பிறகு வறுமைக்காகச் சேர்ந்தவர் இல்லை, 1914 முடிவதற்குள்ளேயே பட்டாளத்தில் இருந்தவர்.

அதே நேரம், 1915 முடிவதற்குள் போர்முனையில் கால் வைத்தவர்களுக்கு 1914-15 நட்சத்திரம் என்று தனியாக ஒரு வெண்கலப் பதக்கம் உண்டு. குறுக்குக் கத்தி போட்ட நான்குமுனை நட்சத்திரம். எங்கள் வீட்டில் யாருக்கும் நட்சத்திரம் ஞாபகம் இல்லை. அப்படியென்றால் பஸ்ராவுக்குப் போனது 1916இல் அல்லது அதற்குப் பிறகு. மூன்று வருஷம் என்ற கணக்கோடு இது பொருந்துகிறது. வீட்டுக் கதை என்று தள்ளிவிடக் கூடாது.

5 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "அன்று படையில் இருந்தவர்" என்பது சரி. ஆனால் பெட்டி அன்றைக்கே கிடைத்தது போல எழுதிவிட்டேன். அந்தக் கிறிஸ்துமஸுக்குள் கொடுத்து முடித்தது நான்கு லட்சத்துக்குச் சற்று மேல்தான். மொத்தம் 25 லட்சத்துக்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்தது. பித்தளைக்குத் தட்டுப்பாடு. அமெரிக்காவிலிருந்து வந்த தகட்டில் ஒரு பகுதி 1915 மே மாதம் லூசிடானியா கப்பலோடு கடலில் போனது. கொடுத்து முடிக்கப் போரே முடிந்துவிட்டது. கூடவே இன்னொன்று, பெட்டியில் பெயர் கிடையாது. சீட்டாட்டத்தில் ஜெயித்ததாகக்கூட இருக்கலாம். பெட்டியை மட்டும் வைத்து வருஷம் சொன்னது அவசரம். விளிம்பில் பெயர் இருக்கும் பொருள் வேறு, பெயரில்லாத பொருள் வேறு.

11 பிப்ரவரி 2024

ஜோடிப் பதக்கம் எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் கேட்டதால்தான் அத்தையிடம் கேட்டேன். போர்ப் பதக்கத்தோடு வெற்றிப் பதக்கம் என்று வெண்கலத்தில் ஒன்று பெரும்பாலும் சேர்ந்தே வரும், பின்னால் வானவில் நிற ரிப்பன்.

அத்தைக்கு நான் சொன்ன எதுவும் புரியவில்லை. "றெக்கை வச்ச பொம்பளை போட்டிருக்கும்" என்றேன். உடனே எழுந்து உட்கார்ந்தார்.

"அதுவா? அது எங்க சில்லு கண்ணு. நொண்டி ஆடுவோம். நல்லா கனமா இருக்கும், போட்ட கட்டத்துல அப்படியே நிக்கும். நான்தான் ஜெயிப்பேன்."

கடைசியில் கிணற்றடியில் ஆடும்போது கிணற்றுக்குள் விழுந்துவிட்டதாம். அந்தக் கிணறு தூர்ந்து, மேலே இப்போது மூன்று மாடி வீடு. அதன் விளிம்பிலும் பெயர் முழுதாக இருந்திருக்கும். புளி படாத விளிம்பு. எனக்கு ஒரு நிமிஷம் தாங்கவில்லை. அத்தை முகத்தில் எட்டு வயசு தெரிந்தது, அதனால் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

2 மார்ச் 2024

ஆம்பூரில் இருக்கும் சித்தப்பா மகனிடம் சும்மா ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தேன். இன்று பையோடு வந்தான். அவர்கள் வீட்டிலும் ஒரு பதக்கம்!

வெள்ளி. அதே ஐந்தாம் ஜார்ஜ். மறுபக்கம் மலையும் கோட்டையும், கீழே "இந்தியா". கோட்டை கைபர் கணவாய் வாசலில் இருக்கும் ஜம்ருத். 1908 இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம். ரிப்பன் நைந்து போயிருந்தாலும் பச்சைக்கு நடுவில் நீலம் தெரிகிறது. யாரும் கழுத்தில் போடாததால் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. பெயர் முழுதாக, சாப்பர், அதே படை.

பெயர் தம்பியுடையது.

மேலே வெள்ளிப் பட்டையில் "மலபார் 1921-22".

நான் மூன்று தடவை படித்தேன். 1918க்குள் பஸ்ராவில் செத்தவர் 1921இல் மலபாரில் எப்படி இருந்தார்?

3 மார்ச் 2024

தூக்கம் வரவில்லை. மலபார் 1921-22 என்றால் மாப்பிள்ளைக் கிளர்ச்சியை, அதாவது கேரளத்து மாப்பிள்ளை முஸ்லிம்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்ததை, அடக்கப் போன படை. 1921 ஆகஸ்ட் 20இல் திரூரங்காடியில் தொடங்கியது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், தந்திக்கம்பியை அறுத்தார்கள், பாலங்களை உடைத்தார்கள், மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். அதையெல்லாம் சரிசெய்து படைக்கு வழிவிடுவது சாப்பர் வேலை. நம் பக்கத்துப் பெயர் வைத்த இன்னொரு படை, 83ஆவது வாலாஜாபாத் காலாட்படை, அதுவும் அங்கே இருந்தது.

1921 நவம்பரில் ஒரு ராத்திரி திரூரிலிருந்து கிளம்பிய ரயிலில் நூறு கைதிகள் வரை ஒரே சரக்குப் பெட்டியில் அடைக்கப்பட்டார்கள். கோயம்புத்தூரை ஒட்டிய போத்தனூரில் திறந்தபோது மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்தார்கள். பிறகு இறந்தவர்களையும் சேர்த்து எழுபது பேர். அந்தப் பெட்டியின் எண் 1711. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயுடைய பெட்டி.

ஜனவரியில் அத்தை கழுத்துக் காசில் நானும் மாமாவும் படித்ததாக நினைத்த அதே எழுத்துகள். நேற்று இரவிலிருந்து அது கண்முன்னாலேயே நிற்கிறது. சின்னத் தாத்தா அந்த ஸ்டேஷனில் இருந்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் பாலம் கட்டியிருக்கலாம். ஆனால் பஸ்ராவைப் பற்றி ஊரெல்லாம் சொன்ன குடும்பம் மலபாரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பதக்கம் பெருமைக்கான பொருள் என்று நினைத்துக்கொண்டுதான் இந்தத் தேடலை ஆரம்பித்தேன். இன்றைக்கு அப்படி நினைக்க முடியவில்லை. இருந்தாலும் தேடலை நிறுத்த மனசில்லை. விளிம்பில் இருப்பது எங்கள் வீட்டுப் பெயர்.

10 மார்ச் 2024

சுருக்கமாகச் சிலருக்குப் பதில்.

போரில் இறந்தவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் தேடலாம், இலவசம். நம் பெயர்களை ஆங்கிலத்தில் பத்து விதமாக எழுதியிருப்பார்கள். "சாமி" என்ற வாலையே ஏழெட்டு விதமாகப் பார்த்துவிட்டேன். பெயரைவிட எண்ணையும் படையையும் வைத்துத் தேடுவது நல்லது. நிறையப் பேருக்கு அப்பா பெயரும் ஊரும் கூட இருக்கின்றன.

பஸ்ரா நினைவுச்சின்னம் மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், இறந்து கல்லறை தெரியாத நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கானது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கல்லில் பெயர். நம் ஆட்களில் அதிகாரிகளுக்குத்தான் கல்லில் பெயர், சாதாரணச் சிப்பாய் எத்தனை பேர் என்று படைவாரியாக எண்ணிக்கை மட்டும். லாங் பஜார் கல்லும் அப்படித்தானே. 2021இல் அந்த ஆணையமே இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

சென்னையில் இருப்பவர்கள் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். இரண்டாம் போர்க் கல்லறைகளைத் தாண்டிப் பின்பக்கம் போனால் 1914-18க்கான மதராஸ் நினைவுச்சின்னம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு.

படைகளின் போர் நாட்குறிப்புகள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ. ஓ. 95 என்ற வரிசையில் இருக்கின்றன. அதிகாரிகளுக்குத்தான் பெயர், சிப்பாய்க்குக் கிடையாது. ஆனால் இன்ன தேதியில் இன்ன கம்பெனி எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். 1917 பிப்ரவரி 23, மெசபடோமியாவில் ஷும்ரான் வளைவில் டைகிரிஸ் ஆற்றைக் கடந்த நாள், குண்டு மழையில் துடுப்பு போட்டவர்களில் மதராஸ் சாப்பர்களும் உண்டு. பாலாற்றங்கரைப் பிள்ளைகள்.

விலை கேட்டவருக்கு: நான் விற்கவில்லை. நீங்களும் அவசரப்பட வேண்டாம். நூறு வயது கடந்த பொருளை வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பும் முன் 1972 தொல்பொருள் சட்டத்தைப் பாருங்கள். உருக்கிக் கொலுசு செய்தவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பம்.

24 மார்ச் 2024

தம்பியுடைய மலபார் பதக்கத்தில் எண் நான்கு இலக்கமும் தெளிவு. அத்தையுடைய பதக்கத்தில் முதல் மூன்றும் அதே இலக்கங்கள். நான்காவது பற்றுக்கு அடியில்.

சேர்ந்த வரிசையில்தான் எண் கொடுப்பார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் போய் வரிசையில் நின்றிருந்தால் எண்கள் அடுத்தடுத்து இருக்கும். பற்றுக்கு அடியில் இருப்பது அதே இலக்கமா, அடுத்த இலக்கமா என்று தெரிந்தால் அத்தை கழுத்தில் இருப்பது யாருடையது என்று தீர்ந்துவிடும்.

பத்தரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, பழைய வேலை, நல்ல கை என்றார். வளையத்தைச் சூடு காட்டி எடுத்துவிடலாம், ஐந்து நிமிஷம், எழுத்துக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்க பாட்டி பத்த வச்சது. அவங்க செத்தன்னிக்குக்கூட அதைக் கழட்டித்தான் எங்கம்மா கழுத்துல போட்டாங்க, உடைச்சுப் பார்க்கல. உனக்கு ஒரு நம்பருக்காக எடுக்கணுமா?"

எனக்கு முதலில் வருத்தம். இரண்டு நாள் கழித்து அத்தை சொன்னது சரி என்று தோன்றியது. ராஜா அடித்த எழுத்தைச் சரித்திரம் என்று எடுத்துக்கொண்டு, கொள்ளுப்பாட்டி போட்ட பற்றைச் சேதம் என்று நினைத்திருக்கிறேன். புருஷன் கடல் தாண்டிப் போனபோது அவளுக்கு என்ன வயசு, அவர் திரும்பி வரும்வரை யார் சோறு போட்டார்கள் என்பதை எந்த விளிம்பிலும் எழுதி வைக்கவில்லை. அந்த வளையம் ஒன்றுதான் அவள் வைத்துவிட்டுப் போனது. அது இருக்கட்டும்.

14 ஏப்ரல் 2024

வருஷப்பிறப்புக்கு எல்லாரும் அத்தை வீட்டில். சாப்பிட்டுவிட்டு மாமா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். வீட்டுப் பத்திரங்கள். நான் கேட்காமலேயே எடுத்தார், ரயில்வே விஷயத்தில் தோற்றதிலிருந்து அவரும் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

1926இல் எழுதிய விடுதலைப் பத்திரம். முத்திரைத்தாளில் அதே ராஜா தலை. தம்பி, இந்த வீட்டிலும் நிலத்திலும் தனக்கு உண்டான பாகத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறார். எழுதிக் கொடுப்பவர் பெயருக்கு அடுத்து "மாஜி பட்டாளம் சிப்பாய், ஹால் இருப்பு கோலார் தங்கவயல் மாரிகுப்பம்". ஹால் இருப்பு என்றால் அப்போது குடியிருந்த இடம். கீழே இடதுகைப் பெருவிரல் ரேகை.

செத்தவர் கைநாட்டு வைக்க மாட்டார். மலபார் பதக்கம் சொன்னது சரி.

கோலார் போனது ஆச்சரியம் இல்லை. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களில் நிறையப் பேர் வடஆற்காட்டுத் தமிழர்கள்தான். சுரங்கம் வைக்கக் கற்ற ஒரு சாப்பருக்கு அங்கே வேலை கிடைத்திருக்கும். ஆனால் ஏன் செத்துவிட்டார் என்று சொன்னார்கள்?

அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், யார் முகத்தையும் பார்க்காமல், "அவரு வேற ஆளுங்க வீட்டுப் பொண்ணைக் கட்டிக்கிட்டாரு. எங்க பாட்டி சொல்லும், பஸ்ராக்காரரைத் தலைமுழுகியாச்சுன்னு. நாங்க சின்னப் பசங்க. தலைமுழுகினா சாவுதானே" என்றார்.

பஸ்ராக்காரர் என்பது அவருக்கு வீட்டில் இருந்த பட்டப்பெயர். தலைமுழுகியாச்சு என்றால் உறவை அறுத்தாச்சு. அடுத்த தலைமுறைக் குழந்தைகள் காதில் அது பஸ்ராவில் செத்தார், வீட்டில் குளித்தார்கள் என்று விழுந்திருக்கிறது. பொய் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொல்லி வந்திருக்கிறார்கள்.

15 ஏப்ரல் 2024

மேலே ஜனவரி 28இல் எழுதியதைத் திருத்துகிறேன். லாங் பஜார் கல்லில் இருக்கும் 14 பேரில் எங்கள் சின்னத் தாத்தா இல்லை. அவர் திரும்பி வந்த 263 பேரில் ஒருவர். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வேறு யாரோ ஒருவருடைய இடத்தில் செருப்பைக் கழற்றி நின்றிருக்கிறது. அந்தப் பதினான்காவது ஆள் யார், அவர் வீட்டில் யாராவது தேடுகிறார்களா என்று தெரிந்தால் இங்கே எழுதுங்கள். நான் அந்தப் பக்கம் போகும்போது செருப்பைக் கழற்றுவதை நிறுத்தப் போவதில்லை.

21 ஏப்ரல் 2024

பெட்டியைப் பற்றி இன்னொரு யோசனை. அது தம்பியுடையதாகவும் இருக்கலாம், போகும்போது அண்ணியிடம் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நிரூபிக்க வழியில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

1 ஜூன் 2024

காட்பாடியில் வண்டி ஏறிவிட்டேன். பங்காரப்பேட்டையில் மாறி மாரிகுப்பம். சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடியாச்சு, ஆனால் லைன் வீடுகளில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். 1926 பத்திரத்தின் நகல், இரண்டு விளிம்புகளின் பென்சில் பிரதி, கொஞ்சம் வெறும் தாள், பென்சில் இவ்வளவுதான் பையில்.

கிளம்பும்போது அத்தை சங்கிலியிலிருந்து காசைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வளையத்தோடு. நான் வேண்டாம், தொலைந்துவிடும், படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன்.

"படத்தைக் காட்டினா நீ யாரோன்னு நினைப்பாங்க. இதைக் காட்டு. கேட்டா, பத்த வச்சது அண்ணின்னு சொல்லு."

சட்டைப்பையில் இருக்கிறது. ஜோலார்பேட்டை வந்துவிட்டது.